எட்டாவது இன்னிங்ஸ்

பேஸ்பால் பந்தைக் கையில் எடுத்தால் முதலில் விரலில் தட்டுப்படுவது தையல்தான். வெள்ளைத் தோல்மேல் சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல்கள், இன்றும் கையால் போடுபவை. வீசுபவரின் விரல்கள் அந்த மேட்டைப் பிடித்துத்தான் பந்தை வளைக்கின்றன.

துயர நாட்களிலும் அமெரிக்கர்கள் இந்தப் பந்தை விடவில்லை. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு அடுத்த மாதம், 1942 ஜனவரியில், ஆட்டங்கள் தொடர்ந்தால் நல்லது என்று அதிபர் ரூஸ்வெல்ட் கடிதமே எழுதினார். கூடுதல் நேரம் உழைக்கிற ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும் என்றார். போருக்கு நடுவே ஓர் அதிபர் இதை யோசித்தாரே, அது எனக்குப் பெரிய விஷயம்.

2001 செப்டம்பர் 21. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து பத்து நாள். நியூயார்க் ஷே மைதானத்தில் மெட்ஸ் வீரர்கள் தீயணைப்பு, காவல் துறைகளின் தொப்பிகளோடு இறங்கினார்கள். எட்டாவது இன்னிங்ஸில் எதிரணியான அட்லாண்டா ஒரு ரன் முன்னிலை. மெட்ஸ் வீரர் மைக் பியாசா ஓங்கி அடித்த பந்து வேலியைத் தாண்டிப் பறந்தது. மெட்ஸ் 3-2 என வென்றது. போனவர்களில் ஒருவரையும் அது திருப்பித் தராது. ஆனாலும் கலங்கிப்போயிருந்த ஓர் ஊருக்கு வாய்விட்டுக் கத்த ஒரு காரணம் கிடைத்ததே, அதற்காகவே அந்த அடியை நான் அலுக்காமல் பார்க்கிறேன்.