நேரம் தாங்கிய தூண்

சென்னை ஊரூர் ஒல்காட் குப்பத்து மணலில் ஒரு துடுப்பை நிமிர்த்தி நட்டுப் பாருங்கள். அதன் நிழல் மிகவும் குறுகுவது சரியாகப் 12 மணிக்கு அல்ல; ஆண்டுச் சராசரியில் 12.09-க்கு. பிப்ரவரியில் 12.23 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 11.52-க்கே வந்துவிடும். நம் கடிகாரம் நாட்டுக்கே பொதுவானது. நிழலோ இந்தக் கரைக்கு மட்டும் உரியது.

அந்த உள்ளூர் நேரத்தைக் கணிக்க உதவிய கல் ஒன்று நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1792-இல் சென்னை வானாய்வகத்துக்காக நிறுத்திய 15 அடி கருங்கல் தூண் அது. வான்பொருள்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் குறிக்கும் தொலைநோக்கியைத் தாங்கியது. இம்மி அசைந்தாலும் கணக்குப் பிசகும். அதனால்தான் பத்து டன் எடையில் ஒரே கல்.

தமிழ், தெலுங்கு, லத்தீன் எனப் பல மொழி எழுத்துகளை அதில் வெட்டியிருக்கிறார்கள். 1906-இல் இந்தியப் பொது நேரம் வருமுன் ரயில்கள் ஓடியது அந்த வானாய்வகம் கணித்த சென்னை நேரத்தில்தான். கோயில் சிற்பத்துக்கு நிகராக நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய கல் இது.