வரிசையும் எடையும்

2025 செப்டம்பரில், கெய்ரோ எகிப்திய அருங்காட்சியகத்தின் பராமரிப்புக் கூடத்திலிருந்து ஒரு தங்கக் காப்பு திருடு போனது. ஒற்றை நீல மணி கோர்த்த அந்தக் காப்பு, சுமார் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்ட அமெனெமோபெ மன்னனுடையது. காவல்துறை தடம்பிடித்துச் சென்றபோது காரியம் முடிந்திருந்தது. கைமாறிக் கைமாறிப் பட்டறைக்குப் போன காப்பை மற்ற நகைகளோடு சேர்த்து உருக்கிவிட்டார்கள். கடைசியாகக் கைமாறிய விலை 1,94,000 எகிப்திய பவுண்டு. தங்கம் எங்கும் போய்விடவில்லை. காப்புதான் போய்விட்டது.

எகிப்திய நகை என்றதும் நாம் தங்கத்தின் எடையைத்தான் முதலில் சொல்கிறோம். டூட்டன்காமுனின் முகமூடி பத்துக் கிலோவுக்கு மேல் என்று வியக்கிறோம். அந்த நகைகளைக் கூர்ந்து பார்த்தால், செய்தவர் மனத்தில் வேறொன்று முன்நின்றது தெரியும். எந்த நிறத்துக்கு அடுத்து எந்த நிறம், எந்த மணி உடலின் எந்த இடத்தில் என்கிற வரிசை அது.

நிறம் பேசும் மொழி

எகிப்திய மொழியில் தங்கத்துக்கு ‘நெபு’ என்று பெயர். அதை எழுதும் சித்திர எழுத்து, மணிகள் தொங்கும் ஒரு கழுத்தணி. தங்கம் என்று எழுத வேண்டுமானால் ஒரு நகையைத்தான் வரைய வேண்டும்.

முதுமையடைந்த சூரியக் கடவுள் ரா-வை அவர்களுடைய புராணம் இப்படி வருணிக்கிறது: எலும்பு வெள்ளி, தசை தங்கம், முடி லாபிஸ் லசூலி. அந்தக் கருநீலக் கல் எகிப்தில் கிடைக்காது; ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. நீலப்பச்சையான டர்க்காய்ஸை சினாய் பாலைவனத்தில் தோண்டினார்கள். அந்தச் சுரங்கங்களின் நடுவே செராபித் எல்-காதிமில் ‘டர்க்காய்ஸின் தலைவி’யான ஹத்தோர் தேவிக்குக் கோயில் எழுப்பினார்கள். செந்நிறச் சூதுபவளம் கிழக்குப் பாலைவனத்தில் கூழாங்கற்களாகக் கிடைத்தது. பச்சையைக் குறிக்கும் ‘வாஜ்’ என்ற சொல்லுக்கே தழைத்தல் என்ற பொருளும் உண்டு.

வெள்ளி தொடக்கக் காலத்தில் தங்கத்தைவிட அரிது. பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபுவின் தாய் ஹெடெப்ஹெரெஸுக்கு உரிய வெள்ளிக் காப்புகள் 1925இல் கீசாவில் கிடைத்தன. நீலமும் சிவப்பும் பதித்த வண்ணத்துப்பூச்சிகள் அவற்றில் சிறகு விரித்திருக்கின்றன.

கல்லைவிட நிறமே முக்கியம் என்பதற்கு டூட்டன்காமுனின் முகமூடியே சான்று. தலைத்துணியின் நீலக் கோடுகள் கண்ணாடி. அவன் நகைகள் சிலவற்றில் நிறமற்ற படிகத்தின் அடியில் செஞ்சாந்து பூசிச் சூதுபவளத்தின் சிவப்பை வரவழைத்திருக்கிறார்கள். ஏழைகளுக்கும் அந்த நிறங்கள் எட்டின. குவார்ட்ஸ் பொடியோடு சுண்ணாம்பும் சாம்பல் உப்பும் செம்புச் சத்தும் சேர்த்துச் சுட்டால் மேலே நீலப்பச்சைப் பளபளப்பு ஏறும்; அதுதான் ஃபயான்ஸ். ‘மின்னுவது’ என்பதே அதற்கு அவர்கள் வைத்த பெயர்.

வாசிக்க வேண்டிய பதக்கம்

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இளவரசி சித்ஹத்தோர்யுனெத்தின் பதக்கம் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. தங்கத் தகட்டின் மேல் மெல்லிய தங்கப் பட்டிகளை நிறுத்திப் பற்றவைத்து, அறை அறையாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் அளவெடுத்து வெட்டிய கற்களைப் பொருத்தியிருக்கிறார்கள். மொத்தம் 372 கற்கள். யார் கண்ணிலும் படாமல் மார்போடு ஒட்டிக்கிடக்கும் பின்புறத்திலும் அதே உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

இரு பக்கமும் பருந்துகள். அவை சூரியக் கடவுளின் வடிவம். நடுவில் இரண்டாம் செனுஸ்ரெத் மன்னனின் பெயர். பெயரைத் தாங்கி மண்டியிட்டிருக்கும் உருவம், இலட்சக்கணக்கான ஆண்டுகளின் குறி. நாகங்களில் தொங்கும் ‘அங்க்’ என்றால் உயிர். சேர்த்துப் படித்தால், சூரியன் இந்த மன்னனுக்கு எண்ணற்ற ஆண்டுகள் உயிர் தருகிறான் என்று வாக்கியம் முடிகிறது. ஒரு குறியை எடுத்துவிட்டால் வாக்கியம் குலைந்துவிடும்.

அதே இளவரசிக்குச் சோழி வடிவத் தங்க மணிகளால் ஒரு மேகலையும் இருந்தது. மணிகளுக்குள் பரல்கள் இட்டிருந்தார்கள். அவள் நடக்கும்போது இடையில் மெல்லிய ஓசை எழுந்திருக்கும். வீரத்துக்கும் அரசன் நகை தந்தான். போரில் விடாமல் மொய்த்தவர்க்குத் தங்க ஈ. அரசி அஹ்ஹோதெப்பின் கல்லறையில் அப்படி மூன்று ஈக்கள் கிடைத்தன.

இறந்தவர் உடலில் இந்த ஒழுங்கு இன்னும் கண்டிப்பானது. கழுத்துக்குத் தங்கத்தில் ‘ஜெத்’ தூண், ஐசிஸ் தேவியின் முடிச்சு செந்நிற ஜாஸ்பரில், இதயத்துக்கு மேலே பச்சைக் கல்லில் சாணவண்டு என்று ‘இறந்தோர் நூல்’ வகுத்துத் தந்தது. தீர்ப்பு நாளில் இதயம் இறந்தவருக்கே எதிராகச் சாட்சி சொல்லிவிடாமல் காப்பது அந்த வண்டின் வேலை. 1925இல் டூட்டன்காமுனின் துணிச்சுற்றுகளைப் பிரித்த அகழாய்வாளர் ஹவார்டு கார்ட்டர், உடலின் மேல் 143 பொருள்களைக் கண்டார். ஒவ்வொன்றும் எங்கே, எந்தச் சுற்றில் இருந்தது என்று குறித்துக்கொண்டார்.

மூன்று தராசுகள்

இந்த வரிசையைக் குலைத்தவர்கள் அன்றும் இருந்தார்கள். சுமார் கி.மு. 1110இல், ஒன்பதாம் ராம்செஸ் காலத்தில், அமென்பனூஃபெர் என்ற கல்தச்சன் விசாரணையில் தந்த வாக்குமூலம் பாப்பிரஸில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஓர் அரசன், அரசியின் உடல்களிலிருந்து நகைகளைப் பறித்தோம், சவப்பெட்டிகளுக்குத் தீ வைத்தோம், கிடைத்த 160 தெபென் தங்கத்தை எட்டுப் பேரும் ஆளுக்கு 20 தெபெனாகப் பங்கிட்டோம் என்றான். இன்றைய கணக்கில் பதினான்கு கிலோவுக்கு மேல். எத்தனை நகைகள், என்னென்ன உருவங்கள் என்ற கணக்கு அதில் இல்லை. அது முதல் தராசு. 2025இல் கெய்ரோவில் நிறுத்தது மூன்றாவது.

இடையில் ஒன்று உண்டு. 1901இல் அபிடோஸில், முதல் வம்சத்து ஜேர் மன்னனின் கல்லறைச் சுவர்ப் பொந்தில் துணி சுற்றிய ஒரு கை கிடைத்தது. பழைய கொள்ளையன் எவனோ ஒளித்துவைத்துவிட்டுத் திரும்பி வராமல் போயிருக்க வேண்டும். வேலையாட்கள் அதைப் பிரிக்காமல் அங்கே அகழாய்வு நடத்திய பெட்ரியிடம் கொண்டுவந்தார்கள். துணியை வெட்டித் திறந்தபோது தங்கம், டர்க்காய்ஸ், லாபிஸ், செவ்வந்திக்கல் கோர்த்த நான்கு காப்புகள், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அணிவித்த அதே ஒழுங்கில் இருந்தன. மணிகளின் இடத்தைப் பெட்ரி ஒவ்வொன்றாகக் குறித்தார். அவர் மனைவி ஹில்டா அதே முறையில் மீண்டும் கோர்த்தார். கெய்ரோவுக்குப் போனபின் அருங்காட்சியகம் காப்புகளை வைத்துக்கொண்டு கையை எறிந்துவிட்டது. கை போனாலும் வரிசை பிழைத்தது.

பெட்ரியும் தராசு எடுத்தார். வேலையாள் ஒருவரின் கண்ணெதிரே பவுன் காசுகளை எதிர்த்தட்டில் வைத்து நிறுத்து, தங்கத்தின் மதிப்புக்குக் குறையாமல் வேலையாட்களுக்குக் கொடுத்தார். ஆனால் மணிகளின் வரிசையைக் குறித்து முடித்த பிறகுதான் தராசைத் தொட்டார்.