குற்றச் சக்கரவர்த்தியும் சூரபன்மனும்

ஐப்பசித் திங்கள் வளர்பிறைச் சட்டி நாளில் தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களின் முருகன் கோயில்களுக்குச் செல்வோர் ஒரு காட்சியைக் காண்பர். தெருவில் சூரன் உருவம் நிற்கும். முதலில் அதன் கழுத்தில் யானைத்தலை இருக்கும். வேல் தீண்டியதும் அது கழற்றப்பெற்றுச் சிங்கத்தலை ஏறும். அதுவும் வீழ்ந்தபின் சூரன் தன் தலையோடு எதிர்ப்படுவான். பின்னர் மாமரம் வரும். உடல் ஒன்று; மாறுவன தலைகளே. ஒரு தலை இறங்கி மற்றொன்று ஏறும் இடைவேளையில் நிகழ்ந்த போரையெல்லாம் கூடிநிற்கும் சிறுவர் தம் மனத்தில் தாமே நிரப்பிக்கொள்கின்றனர். படக்கதை என இந்நாளில் வழங்கும் வகையின் அடிப்படையும் இதுவே ஆகும். ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையில் உள்ள வெற்றிடத்தில்தான் அக்கதை நடைபெறுகிறது.

இவ்வொப்புமையை வேடிக்கைக்காகக் கூறவில்லை. தமிழில் படக்கதை படித்து வளர்ந்த தலைமுறையினர் பெரிதும் விரும்பிய மாந்தருள் ஒருவன் நல்லவன் அல்லன், கள்வன். ஸ்பைடர் என்பது அவன் பெயர். ‘குற்றச் சக்கரவர்த்தி’ என்பது தமிழ் வாசகர் வழங்கிய சிறப்புப் பெயர். வலிமை மிக்க தீயோன் ஒருவனைத் தமிழ் வாசகர் வெறுக்காது போற்றியது ஏன், அவன் பின்னர் நல்வழிப்பட்டதாகக் கதை கூறுவது கலை நோக்கில் பொருந்துகிறதா என்னும் வினாக்கள் ஆராயத்தக்கன. படக்கதையை ஆய்வுக்குரிய பொருளாக ஏலாதாரும் உளர். ஆயினும், தெருக்கூத்தையும் தாலாட்டையும் புறத்தே நிறுத்திய நாளும் ஒன்று இருந்தது என்பதை அவர்கள் நினைதல் நன்று.

முதலில் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984-இல் லயன் காமிக்ஸ் தோன்றியது. ஸ்பைடர் தமிழுக்கு வந்தது அதன் வழியாகவே. இருவரும் ஆங்கில நாட்டு வார இதழ்களில் பிறந்தவர். மாயாவி 1962-இல் வேலியண்ட் இதழிலும், ஸ்பைடர் 1965-இல் லயன் என்னும் பெயருடைய இதழிலும் தோன்றினர். ஸ்பைடர் கதைகளைத் தொடக்கத்தில் டெட் கோவன் எழுதினார். ரெஜ் பன் ஓவியம் வரைந்தார். பின்னர் எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-இல் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேன் என்னும் பேராற்றல் நாயகனை உலகிற்கு அளித்தவர் இவரே. இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. சீகல் 1933-இல் வெளியிட்ட சிறுகதையிலும் சூப்பர்மேன் என்னும் பெயர் வருகிறது. ஆனால் அப்பெயருடையான் அங்கே தீயோன். அறிவியலார் ஒருவரின் மருந்தால் ஆற்றல் பெற்று, அதனைக் கொண்டே உலகை அடக்க முயல்பவன். அளவிறந்த வலிமை என்ற கருத்து அவ்வெழுத்தாளரின் உள்ளத்தில் முதலில் தீமையின் வடிவிலேதான் தோன்றியது. அறத்தின் பக்கம் அது சேர்ந்தது பின்னரே.

இனி, தீயோனுடைய வலிமை நம்மிடம் எழுப்பும் உணர்வு எத்தகையது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நிலைக்களன் நான்கு என்பர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்நான்கும் வேறு வேறாக எண்ணப்பட்டவை. மனிதர்க்கு மேம்பட்ட ஆற்றல் ஒன்று. கொடிய விலங்கு ஒன்று. பொருள் கவர்வோர் ஒன்று. தண்டிக்கும் உரிமையுடைய தலைவன் ஒன்று. கள்வனுக்கு அஞ்சுவோன் அரசனிடம் முறையிடலாம். கள்வனே அரசனானால் முறையிடுவது யாரிடம்? பேராற்றல் வாய்ந்த தீயோன் பாத்திரம் இந்த இடத்திலேதான் பிறக்கிறது. குற்றச் சக்கரவர்த்தி என்ற தொடரை ஊன்றி நோக்குக. குற்றம் கள்வர்க்குரியது, சக்கரவர்த்தி இறைக்குரியது. தொல்காப்பியர் பிரித்து வைத்த இரண்டு அச்சங்களை ஒரே தொடரில் பிணைத்துவிட்டது அப்பெயர். ஆங்கில மூலத்தில் அவன் குற்றவாளிகளின் அரசனாக விழைபவன். தமிழ் அவனைச் சக்கரவர்த்தியாகவே முடிசூட்டியது.

இந்நான்கு அச்சங்களும் ஒருங்கே அமைந்த எதிர்த்தலைவன் தமிழில் முன்பே உளன். கச்சியப்ப சிவாசாரியர் பாடிய கந்தபுராணத்துச் சூரபன்மனே அவன். 10,345 பாடல்கள் கொண்ட அப்பெருநூலில் அசுர காண்டம் முழுமையும் ஒரு குற்றவாழ்வின் வரலாறு என்று கூறுதல் மிகையன்று. காசிபருக்கும் மாயைக்கும் பிறந்த சூரன், தம்பியரோடு வேள்வி செய்து, வச்சிரம் போன்ற யாக்கையும் 1008 அண்டங்களின் ஆட்சியும் 108 யுகம் வாழும் வாழ்வும் வரமாகப் பெறுகிறான். சிவனுடைய ஆற்றலன்றிப் பிறிதொன்றால் அழியாமையும் பெறுகிறான். தம்பியருள் ஒருவன் சிங்கமுகன், மற்றவன் யானைமுகத் தாரகன். எனவே விலங்கின் அச்சமும் அக்குடும்பத்திலேயே உண்டு. வீரமகேந்திரபுரத்தில் இருந்து ஆளும் அவன் தேவர்களைச் சிறையிடுகிறான். இந்திரன் சீகாழியில் ஒளிந்து வாழ்கிறான். அவன் மகன் சயந்தன் சிறையில் வாடுகிறான்.

இக்குற்றங்களுள் நம் நெஞ்சைத் தைப்பது சிறையன்று. தேவர்களைக் கடலுக்கு ஏவி மீன் சுமந்து வரச் செய்தான் என்று கச்சியப்பர் கூறுமிடமே தைக்கிறது. அண்டங்களை ஆள்பவனுக்கு மீன் கொணர ஆளில்லாமலா போயிற்று? இழிவு செய்வதே அங்கு நோக்கம். மிகுந்த வலிமை தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ள இத்தகைய சிறுமைச் செயல்களை நாடுகிறது. இதனை உணர்ந்து அமைத்த புலவரின் நுண்மை போற்றத்தக்கது. சூரனுடைய அவையிலேயே அறம் உரைப்பவன் சிங்கமுகன் என்பதும் கருதத்தக்கது. தேவர்களை விடுக என்று தமையனுக்கு இடித்துரைக்கிறான். அவன் கேளாதபோது அவனோடு நின்று மடிகிறான். தீயோனைச் சூழ்ந்தவரை எல்லாம் ஒரே நிறத்தில் தீட்டாமை காப்பியப் புலவர்க்குரிய பெருமை.

ஸ்பைடரின் குற்றவாழ்வு இத்துணை விரிவுடையதன்று. களம் நியூயார்க் நகரம். கருநிற இறுக்க உடை, கூர்ந்த காது, வலை பாய்ச்சும் துப்பாக்கி, மயக்கவளித் துப்பாக்கி, ஹெலிகார் என்னும் பறக்கும் ஊர்தி ஆகியவை அவன் உடைமைகள். பெல்ஹாம் என்னும் அறிவியலாரும் ஆர்டினி என்னும் பூட்டுத் திறப்பானும் அவனுக்குத் துணைவர். கில்மோர், டிராஸ்க் என்னும் துப்பறிவோர் இருவர் அவனைத் துரத்துகின்றனர், பிடித்தபாடில்லை. அவன் யார், எங்குப் பிறந்தான், எதனால் தீயவனானான் என்ற செய்தி இல்லை. இக்குறையே அவனுக்கு ஒரு மிடுக்கைத் தந்துவிட்டது என்றும் சொல்லலாம்.

இருவர்க்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. இருவர் வலிமையும் இரவல் வலிமையே. சூரனுக்கு அது வரம், ஸ்பைடருக்குக் கருவி, மாயாவிக்கோ மின்விபத்து. தொல்காப்பியர் பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கு நிலைக்களன் கூறுவர். தறுகண்மை இவர்கள்பால் உண்டு; இசைமை வேட்கையும் மிகுதி. கொடை மட்டும் இல்லை. பெற்ற வலிமையைப் பிறர்க்குப் பயன்படுத்தும் வழி அறியாமையால், அது பெருமிதமாக முதிராமல் இறுமாப்பாகத் திரிந்துவிடுகிறது.

இவ்விறுமாப்பு இவர்களுடைய மாற்றத்தில் ஆற்றும் பங்கே இக்கட்டுரையின் மையம். கந்தபுராணத்தில் போரின் நடுவே முருகன் தன் பேருருவைக் காட்டுகிறான். சூரன் அதனைக் கண்டு மெய்ம்மறக்கிறான். பாலன் என்று இகழ்ந்த தானே, மூல முதல்வன் இவனே எனத் தெளிகிறான். சூழ்ந்து வணங்கவும் விழைகிறான். தடுப்பது எது? மானம் ஒன்றே தடுக்கிறது என்று அவன் வாயாலேயே கூற வைக்கிறார் கச்சியப்பர். தமிழ்க் காப்பியங்களில் எதிர்த்தலைவன் ஒருவன் தன் தளையைத் தானே பெயர் சொல்லி உணரும் இடங்களுள் இது தலைசிறந்தது என்பது எம் கருத்து. பேருருவம் மறைந்ததும் தெளிவும் மறைகிறது. மீண்டும் போர் தொடங்குகிறது.

ஸ்பைடரிடம் இதே மானம் நேர்மாறான தொழிலைச் செய்கிறது. சீகல் எழுதிய கதைகளில் அவன் எதிர்ப்பவர் காவலரை விடப் பிற குற்றவாளிகளே. தன்னினும் பெரிய கள்வன் ஒருவன் உலகில் இருப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. அவர்களை வீழ்த்தி வீழ்த்தி, இறுதியில் குற்றத்தை எதிர்ப்பவனாகவே நின்றுவிடுகிறான். அருள் அவனைத் திருப்பவில்லை, கழிவிரக்கமும் இல்லை. குற்றம் செய்வதை விடக் குற்றவாளியை வெல்வதே தன் ஆற்றலுக்கு ஏற்ற ஆட்டம் என்று கண்டான், அவ்வளவே. தமிழில் வந்த அவன் கதைகளுள் ஒன்றுக்கு ‘எத்தனுக்கு எத்தன்’ என்று பெயரிட்டனர். மக்கள் வழக்கில் உள்ள அத்தொடரை எடுத்தாண்டவர், அறிந்தோ அறியாமலோ, அப்பாத்திரத்தின் உட்கிடையை இரண்டு சொற்களில் உரைத்துவிட்டார்.

இம்மாற்றம் பொருந்துமா? பொருந்தும் என்றே கூறுவோம். மாயாவியின் மாற்றத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். லூயிஸ் கிராண்டேல் தன் முதற்கதையில் உருவம் மறைத்துக் கொள்ளையிட்டு, ஒரு மாநகரையே அச்சுறுத்துகிறான். பின்வந்த கதைகளோ அப்பழியை விபத்தின்மேல் ஏற்றி, அவனைத் தூயவனாக்கி நிழற்படையில் சேர்த்துவிடுகின்றன. குற்றம் எவனுடையது என்ற வினா அங்கே கை நழுவிவிட்டது. ஸ்பைடர் அவ்வாறு தூய்மை பெறவில்லை. செருக்கு முன்பு இருந்தவாறே இருக்கிறது. அதன் இலக்கு மட்டும் மாறியது. ஆசிரியர் வாசகரை ஏமாற்றவில்லை. எனினும் ஒரு பெருங்குறை உண்டு. யாம் படித்த அளவில், அவனால் உடைமை இழந்தோர் மீண்டும் கதைக்குள் வந்து பேசுவதில்லை. கச்சியப்பரோ சூரன் வீழ்ந்தவுடன் சயந்தனையும் தேவரையும் சிறையினின்றும் வெளிக்கொணர்ந்து காட்டுகிறார்.

சூரனுடைய முடிவில் காப்பியத்தின் கட்டுக்கோப்பும் அருட்கொள்கையும் ஒருங்கே அமைந்திருப்பதைக் காண்க. மாமரமாய்ப் பிளவுண்டும் அவன் சாகவில்லை. வரம் அவனைக் காக்கிறது. மீண்டும் உருவெடுத்து வர, வேல் அவ்வுடலை இரண்டாக்குகிறது. அக்கூறுகள் மயிலும் சேவலுமாகி, அப்போதும் பகையோடு பாய்கின்றன. அருள் நோக்கம் பட்ட பின்னரே பகை ஒழிகின்றன. கொடுத்த வரம் பொய்க்கலாகாது என்பது கதைக்குரிய நெருக்கடி. அதனைப் புலவர் ஆட்கொள்ளுதலாக மாற்றினார். வலிமை அழிக்கப்படவில்லை என்பதை மறத்தலாகாது. முருகனைச் சுமக்க வலிமை வேண்டும் அன்றோ?

தாம்பரம் வட்டாரத்தார்க்கு இக்கதை ஏட்டளவில் நின்றதன்று. முருகன் அசுரரோடு கடலில் பொருத இடம் திருச்செந்தூர், நிலத்தில் பொருத இடம் திருப்பரங்குன்றம், விண்ணில் பொருத இடம் திருப்போரூர் என்பது தலமரபு. போரூர் என்ற பெயரே சான்று என்பர். சமராபுரி, யுத்தபுரி என்பனவும் அவ்வூர்ப் பெயர்கள். போர் முடித்துத் தணிகைக்குச் செல்லும் வழியில் முருகன் குன்றத்தூர் மலையில் தங்கினான் என்று அவ்வூரார் கூறுவர். சேக்கிழார் பிறந்த குன்றத்தூர்தான் அது. திருப்போரூரிலிருந்து குன்றத்தூருக்கு ஒரு நேர்க்கோடு வரைந்தால் அது தாம்பரத்தை ஒட்டியே செல்லும். கச்சியப்பர் நூலில் விண்போர் இத்தொண்டை நாட்டு மண்ணில் நிகழவில்லை என்று திருத்த முற்படுதல் பயனற்றது. ஒரே எதிர்த்தலைவனை ஊர்தோறும் வேறு வேறு போருக்கு அழைப்பது தலமரபின் இயல்பு. வாரந்தோறும் புதிய பகைவனோடு ஸ்பைடரைப் பொருத விட்ட வார இதழின் தேவையும் இதற்கு நெடுந்தொலைவில் உள்ளதன்று.

வேறுபாடு ஒன்றே. வார இதழ் தன் தீயோனை நல்லவனாக்கிய பின் பழைய கள்வனுக்குத் திரும்ப அவனை விடவில்லை. கோயில் தெருவில் மயிலாகியவன் மறு ஐப்பசியில் யானைத்தலையோடு மீண்டும் வந்து நிற்கிறான். சிறுவரும் முன்வரிசையில் இடம் பிடிக்க முந்துகின்றனர்.