பட்டாணி அளவு பேஸ்ட்

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கணினியில் நான் மிகவும் ரசிக்கும் பொருள், ஹீட்சிங்கைப் பொருத்தியதும் கண்ணுக்கே தெரியாமல் போகும் தெர்மல் பேஸ்ட்தான்.

ப்ராசஸரின் மேல்மூடியும் ஹீட்சிங்கின் அடிப்பாகமும் வழுவழுப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. எவ்வளவு அழுத்தினாலும் இடையில் காற்று தங்கிவிடும். செம்பு கடத்தும் வெப்பத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் காற்று கடத்தாது. அந்தக் காற்றை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிப்பதுதான் பேஸ்டின் வேலை. நடுவில் பட்டாணி அளவு போதும். ஹீட்சிங்கை நேராக இறக்கி, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் தானாகவே பரவும். அப்பி வைத்தால் காரியம் கெடும். செம்போடு ஒப்பிட்டால் பேஸ்டும் மந்தமான கடத்திதான்.

பழனியின் சித்திரை வெயிலில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். கூலர் என்ன விலையானாலும் அது ஊதுவது அறைக் காற்றைத்தானே! 22 டிகிரி ஏசி அறையில் 70-ல் நிற்கும் ப்ராசஸர், 37 டிகிரி மாடியறையில் ஏறக்குறைய 85-ஐத் தொடும். ஓவர்கிளாக் செய்ய வோல்டேஜைக் கூட்டினால் வெப்பம் அதன் வர்க்கத்தில் ஏறும்: 10 சதவீதத்துக்கு 21 சதவீதம். வேகத்தைக் கூட்டுவதால் வருவது தனி. பல இன்டெல் ப்ராசஸர்கள் 100 டிகிரியில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு ஓவர்கிளாக்கால் என்ன பயன்?

ஆகவே முதலில் பழைய வேகத்திலேயே, உச்சி வெயிலில், முழுச் சுமை கொடுத்து அளந்து பாருங்கள். இரவில் எடுத்த அளவை நம்ப வேண்டாம். பேஸ்ட் காய்ந்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.