140 பெட்டைகள் போதாதா?

ஒரு பொலிகுதிரையை ஆண்டுக்கு 140 பெட்டைகளுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க ஜாக்கி கிளப் 2020-இல் விதி கொண்டுவந்தது. அந்த ஆண்டிலும் அதற்குப் பிறகும் பிறக்கும் குதிரைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். அதற்கே கென்டக்கியின் பெரிய பண்ணைகள் நீதிமன்றம் போயின. மாநிலச் சட்டமன்றத்தில் எதிர் மசோதாவும் வந்தது. 2022 பிப்ரவரியில் கிளப் விதியைத் திரும்பப் பெற்றது. எந்தக் குதிரைக்கு எத்தனை பெட்டைகள் என்பதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பதே பண்ணைகளின் வாதம். அந்த வாதம் தவறு. தரோப்ரெட் என்னும் பந்தயக் குதிரை இனத்துக்கே கேடு.

பண்ணைக்காரர்களின் தொழில்திறமையில் எனக்குக் குறை இல்லை. பகல் நீளும் மாதங்களில்தான் பெட்டைக் குதிரை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். வட அரைக்கோளத்தில் எந்த மாதம் பிறந்த குட்டிக்கும் பந்தயக் கணக்கில் வயது கூடுவது ஜனவரி 1 அன்று என்பதால், டிசம்பரிலேயே பெட்டைகளை நாளுக்கு 16 மணி நேர வெளிச்சத்தில் வைத்துப் பருவத்தை முன்னதாகவே வரவழைக்கிறார்கள். சேர்த்த இரண்டாம் வாரத்தில் ஸ்கேன் பார்த்து, இரட்டைக் கரு இருந்தால் ஒன்றை நசுக்கி நீக்கி மற்றதைக் காப்பாற்றுகிறார்கள். செயற்கைக் கருவூட்டலுக்கு இன்றும் தடை உண்டு. எல்லாம் சரி.

ஆனால் இதே திறமைதான் இயற்கையான வரம்பை உடைத்தது. சினைமுட்டை வெளிவரும் நேரத்தை ஸ்கேனில் கணித்து, ஊசி போட்டு, பெரும்பாலும் ஒரே சேர்க்கையில் சினைபிடிக்க வைக்க முடிகிறது. அதனால் ஒரு குதிரை ஒரே பருவத்தில் 200 பெட்டைகளுக்கு மேல் சேர்கிறது. சில குதிரைகளை அந்தப் பருவம் முடிந்ததும் விமானத்தில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி, அங்கும் சேர்க்கிறார்கள். நேரடிச் சேர்க்கை என்ற விதியே போதுமான கடிவாளம் என்று இனியும் சொல்வதில் பொருள் இல்லை.

சந்தை என்ன பார்த்து முடிவு செய்கிறது? ஒரு குதிரை பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று முதல் பருவத்தில் சேர்கிறது. அடுத்த ஆண்டு குட்டிகள் பிறக்கின்றன. மூன்றாம் ஆண்டு அவை ஏலத்துக்கு வருகின்றன. நான்காம் ஆண்டில்தான் முதல் குட்டி பந்தயத்தில் கால் வைக்கிறது. அதற்குள் ஏறக்குறைய நான்கு பருவங்கள், 800 பெட்டைகள் முடிந்திருக்கும். தகப்பனின் தரத்துக்கு ஒரு சான்றும் வராத காலத்தில்தான் மிக அதிகமான பெட்டைகள் அதனிடம் அனுப்பப்படுகின்றன. ஏலத்தில் விலை போவது வம்சப் பெயர். 1983-இல் 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு விற்ற ஸ்னாஃபி டான்ஸர் ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. பொலிகுதிரையாகவும் நான்கே குட்டிகளைத்தான் தந்தது.

அதன் தகப்பன் 1961-இல் பிறந்த நார்தர்ன் டான்ஸர். அது தன் வாழ்நாள் முழுக்கத் தந்தது 645 குட்டிகள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இன்றைய தரோப்ரெட் குதிரைகளில் 97 சதவீதத்தின் வம்சாவளியில் அதன் பெயர் இருப்பதாக 2020-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று சொன்னது. இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துத் தந்த 645 குட்டிகளால் இனம் முழுக்கப் பரவ முடிந்தது. இன்றைய பொலிகுதிரை ஐந்தே ஆண்டில் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடும். 140-க்கு மேல் சேரும் குதிரைகளிடம் 2007-இல் போனவை அமெரிக்கப் பெட்டைகளில் 9.5 சதவீதம், 2019-இல் 27 சதவீதம்.

வம்சாவளி பார்த்துத்தான் சேர்க்கிறோம் என்பார்கள். அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஐந்து தலைமுறை. நார்தர்ன் டான்ஸர் பல குதிரைகளில் அந்தத் தாளின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. தாளுக்குப் பின்னால் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் பலமுறை நிற்கிறது. நெருங்கிய உறவில் சேர்ப்பதால் வரும் உட்கலப்பு 10 சதவீதம் கூடினால், குதிரை ஒரு பந்தயத்திலாவது ஓடும் வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது என்றும் மற்றொரு மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. ஓடுவதற்கென்றே வளர்க்கும் இனத்தில் இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

பக்கத்து இனத்தில் இந்தப் பாடம் ஏற்கெனவே நடந்து முடிந்தது. 1969-இல் பிறந்த இம்ப்ரெஸிவ் என்ற குவார்ட்டர் குதிரைக்குத் திரண்ட தசைகள். அழகுப் போட்டிகளில் வென்றது. எல்லோரும் அதனிடமே பெட்டைகளை அனுப்பினார்கள். குட்டிகள் 2,000-ஐத் தாண்டின. பிறகுதான் அதன் வாரிசுகள் நின்ற இடத்தில் நடுங்கத் தொடங்கின. தொடைத் தசை துடிக்கும், மூன்றாம் இமை கண்ணின் குறுக்கே ஏறும், பின்னங்கால்கள் தள்ளாடிக் குதிரை சாயும். சில இறந்தும் போயின. காரணமான மரபணுப் பிழையை 1992-இல்தான் கண்டுபிடித்தார்கள். அதன் இரு பிரதிகளும் உள்ள குட்டிகளைப் பதிவு செய்வதில்லை என்ற விதி 2007-இல் பிறந்தவற்றுக்குத்தான் வந்தது. சந்தை அந்தக் குறையைத் தடுக்கவில்லை. விலை கொடுத்துப் பரப்பியது.

பொலிகாளையின் மகள்கள் பருவத்துக்கு வருமுன் காளையை மாற்றிவிட வேண்டும் என்பது மாடு வளர்ப்பவர்களுக்குப் பாலபாடம். கோடிகள் புரளும் தொழிலுக்கு அந்தப் பாடம் தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தரோப்ரெட் வம்சப் பதிவேட்டில் வெளி இரத்தத்துக்கு இடமில்லை. உள்ளே இருக்கும் வேறுபாடு தேய்ந்தால் ஈடுகட்ட வேறு வழி கிடையாது. ஒரு பண்ணைக்கு நஷ்டம் வந்தால் அடுத்த பருவத்தில் வேறு குதிரையை வாங்கிக்கொள்ளும். இனத்துக்கு அந்த வசதி இல்லை. ஆகவே வரம்பு திரும்ப வர வேண்டும். முதல் குட்டிகள் பந்தயத்தில் ஓடிக் காட்டும்வரை 140-கூட அனுமதிக்கக் கூடாது.