இப்போதைக்கு ஓடினால் போதும்: சிறுநகர மென்பொருளும் அதன் ஒட்டுவேலையும்

கார்த்திகை தீபத் திருவிழாவின் பத்து நாட்களில் திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜின் பில் மென்பொருள் நின்றுபோனால், அதை எழுதிக்கொடுத்தவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. ‘இப்போதைக்கு ஓடினால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பதுதான் போனில் வரும் ஒரே கோரிக்கை. அவரும் எனிடெஸ்க் என்ற தொலைவழி இணைப்பு மென்பொருள் வழியாக லாட்ஜின் கணினிக்குள் நுழைந்து, ஒரு வரியை மாற்றிய புதிய நிரலைப் பழையதன்மேல் வைத்துவிட்டு வெளியேறுகிறார். பில் ஓடுகிறது, திருவிழாவும் முடிகிறது. அந்த ‘அப்புறம்’ மட்டும் வருவதில்லை.

சிறுநகரங்களில் டெஸ்க்டாப் மென்பொருளின் சிக்கல்கள் பெரும்பாலும் இப்படித்தான் தீர்கின்றன. இதற்குத் தொழிலில் ‘பேட்ச் போடுவது’, அதாவது ஒட்டு போடுவது, என்று பெயர். பாடப்புத்தகங்கள் இதைக் கண்டிக்கும். களத்தில் இருப்பவர்கள் இதை வைத்தே பிழைப்பார்கள். ஒட்டு போடலாமா கூடாதா என்று இந்த இரண்டு தரப்பும் வாதிட்டுக்கொண்டிருக்கையில் முக்கியமான கேள்வி நழுவிவிடுகிறது: ஒட்டு எங்கே விழுகிறது? திரையிலோ அச்சிலோ கணக்குப் போடும் வரியிலோ விழுந்த ஒட்டை என்றைக்கு வேண்டுமானாலும் பிரித்துவிடலாம். சேமித்த தரவுக்குள் விழுந்ததைப் பிரிப்பது பெரும்பாலும் இயலாத காரியம்.

ஒட்டின் பலம்

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6-இல் எழுதி, ஆக்சஸ் கோப்பில் தரவை வைக்கும் மென்பொருள்கள் இன்றும் ஓடுகின்றன. அந்த மொழியில் எழுதுவதற்கான கருவிக்கு மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. ஆனால் அதில் எழுதிய நிரலை ஓடவைக்கும் கோப்புகள் விண்டோஸ் 11 வரை கூடவே வருகின்றன. பழைய கணினி போதும், இணையமே தேவையில்லை. லட்சக்கணக்கானோர் கூடி, செல்பேசி இணைப்பு திணறும் தீபத்தன்று தரவு கவுன்டர் கணினிக்குள்ளேயே இருப்பது சாதாரண வசதியல்ல.

ஒட்டுகள் பல சமயம் ஊரின் நடைமுறையையும் பதிந்து வைத்திருக்கின்றன. பௌர்ணமி இரவில் கிரிவலம் வரும் ஒருவர் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு அறை எடுக்கிறார். பதினான்கு கிலோமீட்டர் நடந்து வந்து, தூங்கி எழுந்து, அன்றிரவு பத்து மணிக்குக் காலி செய்கிறார். விஷுவல் பேசிக்கின் டேட்டிஃப் கட்டளையிடம் எத்தனை நாள் என்று கேட்டால் பூஜ்யம் என்று சொல்லும். அது எண்ணுவது இடையில் கடந்த நள்ளிரவுகளை. கழிந்த மணிகளை அல்ல. ‘பூஜ்யம் வந்தால் ஒன்று என்று வை’ என்ற ஒற்றை வரி அங்கே ஒட்டாக விழுகிறது. வெளியூர்க்காரர் எழுதிய புதிய மென்பொருளில் அந்த வரி இருக்காது. முதல் பௌர்ணமியிலேயே இலவச அறைகள் முளைக்கும்.

எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்பவர்களுக்கு நெட்ஸ்கேப்பின் கதை எச்சரிக்கை. உலாவியை அடியிலிருந்து எழுதப் புறப்பட்ட அந்நிறுவனம் 4-ஆம் பதிப்புக்கு அடுத்து 2000-இல் 6-ஆம் பதிப்போடுதான் வர முடிந்தது. 5-ஆம் பதிப்பு வெளிவரவே இல்லை. அதற்குள் சந்தை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பக்கம் சாய்ந்திருந்தது. அலங்கோலமாகத் தெரியும் ஒவ்வொரு வரியும் யாரோ பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு பிழையின் திருத்தம் என்று மென்பொருள் எழுத்தாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி அந்த ஆண்டு வாதிட்டார். ஒட்டுக்கு ஆதரவான வாதங்களில் வலுவானது அதுவே.

தேதியில் ஒளிந்திருக்கும் பிழை

அந்த வாதம் எங்கே நின்றுவிடுகிறது என்பதைத் தேதிச் சிக்கல் காட்டுகிறது. நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். ஆக்சஸின் தரவு இயந்திரமோ, வினவல் வரிக்குள் நேரடியாக எழுதிய தேதியை அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்துப் படிக்கிறது. அப்படிப் படிக்க முடியாவிட்டால் சத்தமில்லாமல் நம் வழக்கத்துக்கு மாறிக்கொள்கிறது. உண்மையான விபரீதம் இந்த இரண்டாவது குணம்தான்.

2022-இல் மகாதீபம் டிசம்பர் 6. பெட்டியில் 6/12/2022 என்று அடித்து அன்றைய வசூலைக் கேட்டால் ஜூன் 12-இன் வசூல் வரும். 2023-இல் தீபம் நவம்பர் 26. இருபத்தாறாம் மாதம் கிடையாது என்பதால் சரியான விடை வரும். 2024-இல் டிசம்பர் 13; அதுவும் சரி. 2025-இல் டிசம்பர் 3. மார்ச் 12-இன் கணக்கு வந்து நிற்கும். ஒரு வருடம் தோன்றி, இரண்டு வருடம் மறைந்து, மறுபடி வரும் பிழையை ‘கணினி சில நேரம் அப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள். ஆனால் இதில் புதிர் எதுவும் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் பன்னிரண்டு நாட்களில், நாளும் மாதமும் ஒரே எண்ணாக அமையும் ஒரு நாளைத் தவிர்த்தால், வருடத்துக்கு 132 நாட்கள் இந்தப் பிழைக்கு உள்ளாகும்.

இதற்கு மூன்று விதமாகத் தீர்வு காண்கிறார்கள். விண்டோஸின் தேதி அமைப்பையே அமெரிக்க முறைக்கு மாற்றிவிடுவது ஒன்று. இது மிக மோசமானது. கவுன்டரில் இருப்பவர் பழக்கதோஷத்தில் நாளை முதலில் அடிப்பார். தவறான தேதி அப்படியே பதிவாகிவிடும். வினவலுக்குப் போகும் இடத்தில் மட்டும் தேதியை மாதம்-நாள்-ஆண்டு வரிசைக்கு மாற்றிக் கொடுப்பது இரண்டாவது. இதுவும் ஒட்டுதான், ஆனாலும் நேர்மையான ஒட்டு. தேதியை எழுத்தாக ஒட்டாமல் அளவுருவாகத் தனியே அனுப்புவது மூன்றாவது. அதுவே முறையான தீர்வு.

மூன்றில் எது நேர்த்தியானது என்பதைவிட, பிழை அறிக்கையில் மட்டும் இருந்ததா, பதிவு செய்யும் வரியிலும் இருந்ததா என்பதுதான் பெரிய கேள்வி. அறிக்கையில் மட்டும் என்றால், திருத்திய அன்றே பழைய கணக்கெல்லாம் சரியாகிவிடும். பதிவிலும் இருந்திருந்தால், ஜூன் 12 என்று கிடக்கும் வரிகளில் எது உண்மையில் ஜூனில் வந்தது, எது தீபத்தன்று வந்தது என்று எந்த நிரலாலும் பிரிக்க முடியாது. காகித லெட்ஜர்தான் துணை.

ஐம்பது பைசாவும் வரி விகிதமும்

850 ரூபாய் அறைக்கு 5 சதவீத வரி சேர்த்தால் 892 ரூபாய் 50 பைசா. விஷுவல் பேசிக்கின் ரவுண்ட் கட்டளை இதை 892 ஆக்கும். 950 ரூபாய் அறையின் 997.50-ஐ 998 ஆக்கும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளும் வங்கியாளர் முறை அது. ஏராளமான எண்களைக் கூட்டும்போது பிழை ஒரே பக்கம் சாயாமல் இருக்க உண்டானது. நம் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆம் பிரிவோ ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ரூபாயாக ஏற்றச் சொல்கிறது. கட்டளையில் குற்றமில்லை, சட்டத்திலும் இல்லை. இரண்டும் வேறு விதிகள் என்று தெரியாமல் சேர்த்ததுதான் குற்றம்.

இதற்கு ஒரு பைசா கூட்டிவிட்டு ரவுண்ட் செய்வது சுலபமான ஒட்டு. அது 893.49-ஐயும் 894 ஆக்கிவிடும். அரை ரூபாய் கூட்டி முழு எண்ணை மட்டும் எடுப்பதும் ஒட்டுதான், ஆனால் விதியைச் சரியாகச் சொல்கிறது. ஒரே நீளமுள்ள இரண்டு வரிகளில் ஒன்று விதியை அறிந்து எழுதியது, மற்றது கண்ணில் பட்ட ஒரு பில்லை மட்டும் சரிசெய்ய எழுதியது.

வரி விகிதத்தில் சேதம் ஆழமாகப் போகிறது. ஜி.எஸ்.டி.யில் பதிந்த லாட்ஜில் அந்த 850 ரூபாய் அறைக்கு 2022 ஜூலை 17 வரை வரிவிலக்கு இருந்தது. மறுநாளிலிருந்து 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஒவ்வொரு முறையும் நிரலுக்குள் இருக்கும் எண்ணை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் பல மென்பொருள்கள் வாடகையை மட்டும் சேமித்துவிட்டு, வரியை அச்சிடும்போதுதான் கணக்கிடுகின்றன. அப்படிப்பட்ட நிரலில் 12-ஐ 5 ஆக்கிய மறுநாள் ஆடிட்டர் ஆகஸ்ட் மாத பில்லின் நகலைக் கேட்டால், வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில்லோடு ஒத்துப்போகாத ஒன்று அச்சாகி வரும். விகிதத்தை அமலாகும் தேதியோடு ஓர் அட்டவணையில் வைத்து, விதித்த வரியை ஒவ்வொரு பில்லோடும் சேமித்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது.

எழுத்துருவால் தீர்த்த தமிழ்

தமிழ் மென்பொருளின் மிகப் பெரிய ஒட்டு எழுத்துரு. விஷுவல் பேசிக் 6 உள்ளுக்குள் யூனிகோடில்தான் எழுத்தை வைத்திருக்கிறது. திரையில் காட்டும் பெட்டிகளோ அதைப் பழைய ஒற்றை பைட் குறிப்பக்கத்துக்கு மாற்றிவிட்டே காட்டுகின்றன. தமிழுக்கு அப்படியொரு குறிப்பக்கத்தை விண்டோஸ் வைத்திருக்கவில்லை. விளைவு, வரிசையாகக் கேள்விக்குறிகள். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்து இந்தச் சுவரைத் தாண்டின. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களை அறிவித்தது, பெருகிக் கிடந்த இத்தகைய எழுத்துருக்களுக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவரத்தான்.

இந்த ஒட்டை எள்ளுவது நியாயமில்லை. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. அது விண்டோஸ் 2000-க்கு வருவதற்கு முன்பே கடைகளில் தமிழில் பில் அச்சாக வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கும் நோட்டீசுக்கும் இந்த எழுத்துருக்கள் செய்த சேவை பெரிது, ஏனென்றால் அங்கே அச்சானதும் வேலை முடிந்தது. லாட்ஜின் விருந்தினர் பட்டியலோ நன்கொடையாளர் பதிவோ அப்படியல்ல. அங்கே பெயர் தேடப்பட வேண்டும், அடுக்கப்பட வேண்டும், இன்னொரு மென்பொருளுக்குப் போக வேண்டும். வடிவத்தைச் சேமிக்கும் முறையில் கோபால் என்ற பெயர் இரட்டைக் கொம்பில் தொடங்கும். குமாருக்குப் பக்கத்தில் வராமல், அதே கொம்பில் தொடங்கும் தேவனோடும் சேகரோடும் போய் உட்காரும். ஒரே பத்தியில் சில பெயர்கள் ஆங்கிலத்திலும் சில பாமினியிலும் இருந்தால், இரண்டும் ஒரே குறிகள் என்பதால் எது எந்த மொழி என்று தரவே சொல்லாது.

2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. யூனிகோடும் குறையற்றதல்ல, குறி எண்ணின்படி அப்படியே அடுக்கினால் கடைசியில் வர வேண்டிய ன, ந-வுக்கு அடுத்து வந்துவிடும். ஆனால் அதை அடுக்கும் விதியால் சரிசெய்யலாம், சேமித்த எழுத்தைத் தொட வேண்டியதில்லை.

பிழையை விழுங்கும் வரி

ஒட்டுகளில் ஆபத்தானது எது என்று கேட்டால், தயங்காமல் ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ என்பேன். பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று சொல்லும் கட்டளை இது. கூட்ட நேரத்தில் இரண்டு கவுன்டர்கள் ஒரே ஆக்சஸ் கோப்பில் எழுதுகின்றன. ஒன்று பூட்டி வைத்திருக்கும் நொடியில் மற்றொன்றின் பதிவு தோற்கிறது. பிழைச் செய்தி வராது, அடுத்த வரி அச்சிடும் வரி என்பதால் பில் மட்டும் வரும். பதிவாகாத பில்லின் எண்ணே அடுத்தவருக்கும் போகிறது. மாலையில் கல்லாவில் பணம் அதிகம், ரிப்போர்ட்டில் குறைவு. பழி கவுன்டர் பையன்மேல் விழுகிறது.

விண்டோஸ் விஸ்டா கொண்டுவந்த மாற்றமும் இதே வகை. புரோகிராம் ஃபைல்ஸ் அடைவில் பழைய நிரல் எழுத முயன்றால், விண்டோஸ் அதைத் தடுக்காமல், உள்நுழைந்திருப்பவரின் தனி அடைவுக்குத் திருப்பிவிடும். பகல் ஊழியர் ஒரு பெயரிலும் இரவு ஊழியர் இன்னொரு பெயரிலும் நுழைந்தால் இரண்டு தரவுக் கோப்புகள் தனித்தனியே வளரும். ‘அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள்’ என்ற ஒட்டைப் போட்டதும் இரண்டும் மறைந்து, நிறுவிய நாளின் பழைய கோப்பு முன்னால் வரும். ‘பில்லெல்லாம் போச்சு’ என்ற அலறலுக்கு இது ஒரு முக்கியமான காரணம். தரவைப் புரோகிராம்டேட்டா அடைவுக்கு மாற்றி, அங்கே எழுத எல்லாருக்கும் அனுமதி கொடுத்திருந்தால் போதும்.

கடன் வாங்கியவர் வேறு, கட்டுபவர் வேறு

அவசரமாக எழுதிய நிரலைக் கடனுக்கு ஒப்பிட்டார் நிரலர் வார்ட் கன்னிங்ஹாம், 1992-இல். சீக்கிரம் திருப்பிக் கட்டினால் நல்லது, கட்டாவிட்டால் வட்டி ஏறும். பெரிய நிறுவனங்களுக்கு அது பொருந்தும். எழுதுபவரும் அனுபவிப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். சிறுநகரில் கடனை வாங்குபவர் நிரலர், வட்டி கட்டுபவர் லாட்ஜ் முதலாளி. இப்படியொரு கடன் தன் பெயரில் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைப் பேரம் பேசிக் குறைக்கும்போது அந்தக் கடனைத் தானே பெருக்குகிறார் என்பதும் தெரியாது. குறைந்த கட்டணத்துக்கு ஐந்து நிமிட ஒட்டுதான் கட்டுப்படியாகும். ஆகவே பழியை நிரலரின் சோம்பல்மேல் மட்டும் போடுவது பாதி உண்மை.

ஒட்டை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். தீபத்தன்று மாலை பில் நின்றால் ஒட்டுதான் போட வேண்டும். ஆனால் அதற்கு முன் கோப்பின் நகல் ஒன்று பென் டிரைவில் ஏற வேண்டும்; சேமித்த பதிவுகளை மாற்றும் எந்த வரியும் அன்று எழுதக் கூடாது; எதை, ஏன் மாற்றினோம் என்று தேதியோடு ஒரு குறிப்பு இருக்க வேண்டும். கொடியேற்றத்துக்கு முன் புதியது எதையும் நுழைக்காமல் நிறுத்திவைத்து, திருவிழா முடிந்த வாரத்தில் அந்தக் குறிப்பை வைத்து ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். மென்பொருள் நிறுவனங்கள் கூட்டம் போட்டு முடிவு செய்யும் வெளியீட்டு நாட்காட்டியை இந்த ஊருக்குப் பஞ்சாங்கமே கொடுத்துவிடுகிறது.

முதலாளி செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அடுத்த முறை பராமரிப்பு ஒப்பந்தம் பேசும்போது கட்டணத்தை மட்டும் பேசாமல், ‘என் தரவை யூனிகோடில், எக்செலில் திறக்கிற மாதிரி மாதாமாதம் எடுத்துத் தர முடியுமா?’ என்று கேட்கட்டும். முடியும் என்றால் அந்த மென்பொருளில் எத்தனை ஒட்டு இருந்தாலும் கவலையில்லை. நாளைக்கே வேறொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். முடியாது என்றால், பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதை வாங்கக் கூடாது.