பொறியும் பாடமும்: தொடக்ககாலத் தனியாள் கணினி வரலாற்றின் ஆவணமாக்கம்

தனியாள் கணினியின் வரலாற்றை எழுதுவோர் பலரும் ‘முதற்கணினி எது?’ என்னும் வினாவிலிருந்தே தொடங்குகின்றனர். 1975 சனவரியில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் இடம்பெற்ற ஆல்டேர் 8800 பெரிதும் சுட்டப்படுகிறது. ஆயின் 1980களின் நடுப்பகுதியில் பாஸ்டன் கணினி அருங்காட்சியகம் நடத்திய தேர்வில், ஜான் பிளாங்கன்பேக்கர் வடிவமைத்து 1971இல் விற்பனைக்கு வந்த கென்பாக்-1 அவ்விடத்தைப் பெற்றது. அதில் நுண்செயலியே இல்லை. நுண்செயலியை இன்றியமையாததாகக் கொண்டால், 1973இல் பிரான்சில் உருவான மிக்ரால்-என் ஆல்டேருக்கு முற்பட்டதாகிறது. ஆகவே ‘முதல்’ என்பது வரையறையைப் பொறுத்ததேயன்றிச் சான்றினால் மட்டும் முடிவாவதன்று.

இவ்வினா ஆவணமாக்கத்தின் கவனத்தையும் அரும்பொருள்மீதே குவிக்கிறது. 1976இல் 666.66 டாலருக்கு விற்கப்பட்ட ஆப்பிள்-1 கணினி ஒன்றை, 2014இல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,05,000 டாலருக்கு ஏலத்தில் பெற்றது. பொறியைக் காப்பது தேவையே. எனினும் அதனைக்கொண்டு மக்கள் ஆற்றிய பணியைப் பொறி தானே உரைப்பதில்லை. ஆப்பிள்-2 அலுவலகங்களுக்குள் நுழைந்ததற்கு 1979இல் வெளிவந்த விசிகால்க் என்னும் கணக்குத்தாள் மென்பொருள் முதன்மைக் காரணம். அவ்வரலாற்றை மென்பொருளிலும் கையேடுகளிலும் பயனர் குழுக்களின் செய்திமடல்களிலும்தான் தேட வேண்டும்.

சுவடிப் பதிப்பியல் ஏட்டையும் பாடத்தையும் வேறுபடுத்திக் காணும். ஏடு சிதையுமுன் படியெடுத்தமையால் பாடம் வாழ்ந்தது. நெகிழ்வட்டின் காந்தப் பதிவும் காலப்போக்கில் மங்குவதாதலின், படியெடுத்தாலன்றி நிலைக்காது. ஆனால் அக்கால வணிக மென்பொருள்கள் பல, படியெடுப்பைத் தடுக்கும் பூட்டுடனேயே விற்கப்பட்டன. அப்பூட்டை உடைத்தோர் பரப்பிய படிகள் வழியாகவே சில மென்பொருள்கள் எஞ்சின. அவர்கள் முகப்புத் திரையில் தம் புனைபெயரைச் சேர்த்தனர். வட்டில் இடம் மிச்சப்படுத்தச் சில பகுதிகளை நீக்கவும் செய்தனர். பதிப்பாசிரியர் நன்கறிந்த இடைச்செருகலும் பாடச்சிதைவுமே இவை.

இப்படிகளைத் திருட்டுப் படிகள் என ஒதுக்கினால் சான்று அழியும். மூலமென ஏற்றால் வரலாறு பிழைபடும். 2010இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம், ஆப்பிள் நிறுவனத்தின் இசைவுடன் மேக்பெயிண்ட்டின் மூலநிரலை வெளியிட்டது போன்ற வாய்ப்பு எல்லா மென்பொருளுக்கும் அமைவதில்லை. அது அமையாதவிடத்து, கிடைக்கும் படிகளை ஒப்புநோக்கி, ஒவ்வொன்றும் வந்த வழியையும் அதில் நேர்ந்த மாற்றங்களையும் பதிவுசெய்வதே ஆவணமாக்கத்தின் முதற்கடமை. ‘முதற்கணினி எது?’ என்பதினும் ‘எஞ்சியுள்ள படி எத்தகையது?’ என்னும் வினாவே இத்துறைக்கு உடனடித் தேவையாகும்.